தாவீதின் கையிலிருந்த கவண்



தாவீது என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகள் உடனே சொல்வது கோலியாத்தின் கதையைத்தான். மறைக்கல்வி வகுப்பில் அந்தக் காட்சியை வரையச் சொன்னால், பலர் தாவீதின் கையில் உண்டிவில்லை வரைந்துவிடுவார்கள். கவட்டைக் குச்சியில் ரப்பர் கட்டிய உண்டிவில் 19-ஆம் நூற்றாண்டில் ரப்பர் பரவலான பிறகே வந்தது. தாவீதின் கையில் இருந்தது கவண்.

கவண் மிக எளிய கருவி. இரண்டு கயிறுகள், நடுவில் கல்லை வைப்பதற்கு உள்ளங்கை போல் குழிந்த ஒரு பட்டை. ஆட்டு உரோமத்திலோ, நாரிலோ, நூலிலோ பின்னிக்கொள்ளலாம், தோலிலும் செய்யலாம். ஒரு கயிற்றின் நுனியை விரலில் மாட்டிக்கொண்டு, மற்றதை விரல்களுக்கு இடையே பிடித்துச் சுழற்ற வேண்டும். சரியான நொடியில் ஒரு நுனியை விட்டால் கல் பாய்ந்து செல்லும். கயிறு கையிலேயே நிற்கும். பிற்காலத்தில் ரோமையர், நீண்ட கோலின் நுனியில் கவணைக் கட்டி இரு கைகளாலும் வீசும் முறையையும் பயன்படுத்தினார்கள்.

நம் முன்னோரும் கவணை நன்கு அறிந்திருந்தார்கள். தினைப்புனம் காப்பவர்கள் கவண் கல் வீசி யானைகளையும் பறவைகளையும் விரட்டியதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. மதுரைக் கோட்டையின் காவல் பொறிகளுள் ஒன்றாகக் கல் எறியும் கவணைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. காட்டைக் காப்பவரின் கையில் இருந்த அதே கருவி, கோட்டையைக் காக்கும் போர்க்கருவியாகவும் இருந்தது.

கவண் வீசக் கற்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கயிற்றை எப்போது விடுவது என்பதை. விட்ட கல் திரும்பி வராது. தாவீது அரசரின் வாழ்வை இந்த ஒரு கோணத்திலிருந்து இன்று சிந்திப்போம்.

ஆட்டிடையனின் கருவி

தாவீது வாழ்ந்தது கி.மு. 1000-ஐ ஒட்டிய காலம். அவர் பெத்லகேமைச் சேர்ந்த ஈசாயின் எட்டு மகன்களில் கடைசி மகன். அரசரைத் திருப்பொழிவு செய்ய இறைவாக்கினர் சாமுவேல் அந்த வீட்டுக்கு வந்தபோது, மூத்தவர்கள் எழுவரும் வரிசையாக முன்னே வந்தார்கள். கடைசி மகனை அழைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மேய்ச்சல் காட்டில்தான் தாவீதின் பயிற்சிக்கூடம் இருந்தது. சிங்கமும் கரடியும் ஆட்டைக் கவ்விச் சென்றபோது பின்தொடர்ந்து மீட்டதாக அவரே பின்னர் சவுல் அரசரிடம் எடுத்துச் சொல்கிறார். யாரும் பார்க்காத இடத்தில், பிறருடைய பாராட்டு இல்லாமல், தன் ஆடுகளைக் காப்பதற்காகக் கற்றுக்கொண்ட கலை அது.

தறிக்கட்டை போன்ற ஈட்டி

ஏலா பள்ளத்தாக்கில் இஸ்ரயேலரும் பெலிஸ்தியரும் எதிரெதிரே பாளையம் இறங்கியிருந்தார்கள். நாற்பது நாள்கள், காலையும் மாலையும், கோலியாத்து முன்வந்து சவால் விட்டான். அவன் உயரம் ஆறு முழம் ஒரு சாண் என்று எபிரேய ஏடு சொல்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும், சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த சாமுவேல் ஏடும் நான்கு முழம் ஒரு சாண் என்கின்றன. எப்படி இருந்தாலும் அவனது போர்க்கோலமே பார்ப்பவரை நடுங்கச் செய்தது. வெண்கலக் கவசத்தின் எடை மட்டும் 5,000 செக்கேல், ஏறக்குறைய 57 கிலோ. ஈட்டியின் கோலோ நெசவாளரின் தறிக்கட்டை போல இருந்தது என்கிறது 1 சாமுவேல் நூல்.

சோமனூர், கருமத்தம்பட்டி பகுதி மக்களுக்கு இந்த ஒப்புமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பாவு சுற்றிய பீமைத் தூக்கித் தறியில் ஏற்றியவர்களுக்கு அதன் கனம் தெரியும். இஸ்ரயேல் நாட்டு அகழாய்வாளர் யிகாயேல் யாதின் இதற்கு வேறொரு விளக்கமும் தந்தார். தறியில் விழுது நூல்கள் வளையம் வளையமாகத் தொங்கும் கட்டையைப் போல, அந்த ஈட்டியிலும் கயிற்று வளையம் சுற்றியிருந்தது. அதில் விரலை மாட்டி எறிந்தால் ஈட்டி அதிக தூரம் பாயும் என்பது அவர் கருத்து. அப்படியானால் கோலியாத்தும் தூரத்திலிருந்து தாக்கத் தெரிந்தவன்தான்.

சவுல் தம் கவசத்தைத் தாவீதுக்கு அணிவித்தார். தாவீது அதை அணிந்து நடக்க முயன்றார். பழக்கமில்லை என்று கழற்றிவிட்டார். பிறருடைய ஆயுதம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது அவருக்குப் பொருந்தவில்லை. தினமும் கையில் இருந்த கோலையும் கவணையும் எடுத்துக்கொண்டார். ஓடையிலிருந்து வழுவழுப்பான ஐந்து கற்களைப் பொறுக்கி இடையன் பையில் போட்டுக்கொண்டார்.

கவணை விளையாட்டுப் பொருள் என்று எண்ணிவிட வேண்டாம். கி.மு. 701-இல் அசீரியர் இலாக்கீசு நகரை முற்றுகையிட்டபோது கவண் வீரர்கள் அணி அணியாக நின்றதைச் சொல்லும் கற்சிற்பங்கள் இன்றும் லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்த நகரின் இடிபாடுகளில் உருண்டையான கவண் கற்களும் கிடைத்துள்ளன. பயிற்சி பெற்ற கையில் கவண் உயிரைப் பறிக்கும் ஆயுதம்.

ஆனாலும் தாவீது தம் கைத்திறனை நம்பிப் போனதாகச் சொல்லவில்லை. ஆண்டவரின் பெயரால் வருவதாகவே சொன்னார். ஒரே கல் கோலியாத்தின் நெற்றியில் பதிந்தது. மற்ற நான்கு கற்களும் பையிலேயே இருந்தன.

வீசாத கல்

வெற்றி தாவீதுக்கு அமைதியைத் தரவில்லை. சவுலின் பொறாமைக்கு அஞ்சி அவர் காடு மலை எங்கும் ஓடினார். அதுல்லாம் குகையில் அவரிடம் வந்து சேர்ந்தவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள், கடன்பட்டவர்கள், மனம் கசந்தவர்கள் – ஏறக்குறைய 400 பேர். பிற்பாடு சிக்லாகில் இருந்தபோது, வலக்கையாலும் இடக்கையாலும் கவண் கல் எறியத் தெரிந்த பென்யமின் குலத்தாரும் வந்து சேர்ந்தனர். அவர்கள் சவுலின் உறவினர்கள் என்பது கவனிக்கத்தக்கது. தம்மைத் தேடி வந்த சவுல் இருமுறை கைக்கு எட்டும் தூரத்தில் கிடைத்தும், தாவீது அவரைத் தொடவில்லை.

ஒருநாள் அந்தப் பொறுமை உடைந்தது. நாபால் என்பவருக்கு 3,000 செம்மறியாடுகளும் 1,000 வெள்ளாடுகளும் இருந்தன. அவருடைய இடையர்களுக்குத் தாவீதின் ஆள்கள் காவலாக இருந்தார்கள். உரோமம் கத்தரிக்கும் நாளில் உணவு கேட்டு ஆளனுப்பியபோது, நாபால் அவர்களை அவமதித்துத் திருப்பி அனுப்பினார். சினம் கொண்ட தாவீது, அந்த வீட்டில் ஓர் ஆணையும் விட்டுவைப்பதில்லை என்று 400 பேருடன் புறப்பட்டார்.

வழியில் நாபாலின் மனைவி அபிகாயில் உணவுப் பொருள்களுடன் எதிரே வந்து தாள்பணிந்தார். அவர் தாவீதுக்கு நினைவூட்டியது கவணைத்தான்: பகைவர்களின் உயிரைக் கவணில் வைத்து எறிவதுபோல் ஆண்டவரே எறிந்துவிடுவார், நீர் பழிவாங்கி இரத்தப் பழியைச் சுமக்க வேண்டாம் என்பது அவர் சொன்னதன் சாரம். கவணின் சொந்தக்காரருக்குக் கவணையே சுட்டிக்காட்டிப் பாடம் சொன்ன பெண் அவர். தாவீது நின்றார், தம்மைத் தடுத்ததற்காக ஆண்டவரைப் போற்றினார், திரும்பிப் போனார். ஏலா பள்ளத்தாக்கில் கல்லை வீசியது வெற்றி என்றால், இங்கே வீசாமல் திரும்பியதும் வெற்றியே.

அரண்மனையிலிருந்து சென்ற கடிதம்

முப்பது வயதில் அரசரான தாவீது நாற்பது ஆண்டுகள் ஆண்டார். எபிரோனில் ஏழரை ஆண்டுகள், எருசலேமில் முப்பத்து மூன்று ஆண்டுகள். அவர் பெயரால் விளங்கிய அரச குலத்தைக் குறிப்பிடும் கி.மு. 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று 1993-இல் வட இஸ்ரயேலின் தாண் நகர அகழாய்வில் கண்டெடுக்கப்பட்டது.

புகழின் உச்சியில் விழுந்தார். அரசர்கள் போருக்குப் புறப்படும் பருவத்தில் படையை அனுப்பிவிட்டு அவர் அரண்மனையில் தங்கினார். மாடியிலிருந்து பத்சேபாவைக் கண்டார். அழைத்து வரச் செய்தார். அவள் கணவர் உரியாவோ அவருக்காகப் போர்க்களத்தில் நின்றுகொண்டிருந்த வீரர். பாவத்தை மறைக்க எடுத்த முயற்சிகள் தோற்றபோது, தாவீது படைத்தலைவர் யோவாபுக்கு ஒரு கடிதம் எழுதினார். உரியாவைப் போர் மும்முரமாக நடக்கும் இடத்தில் தனியே விட்டுவிட வேண்டும் என்பது அதன் செய்தி. அந்தக் கடிதத்தைச் சுமந்து சென்றதும் உரியாதான். மதிலின் மேலிருந்து வந்த அம்புகளுக்கு அவர் பலியானார்.

கோலியாத்தின் முன் தாவீது தாமே சென்று நின்றார். எல்லாரும் பார்க்கத் தம் கையாலேயே கல்லை வீசினார். உரியாவைக் கொல்ல அவர் இருக்கையைவிட்டுக்கூட எழவில்லை. தமக்குக் கீழே இருந்த ஒருவரை, தம்மை முழுவதும் நம்பிய ஒருவரை, பிறர் கையால் வீழ்த்தினார். அவரே கோலியாத்தின் இடத்துக்கு வந்துவிட்டார். அது அவருக்குத் தெரியவில்லை.

இறைவாக்கினர் நாத்தான் சொன்ன கதைதான் அவர் கண்களைத் திறந்தது. ஏராளமான ஆடுகள் வைத்திருந்த செல்வன், ஏழையிடமிருந்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த கதை அது. ஆட்டிடையனின் பழைய உள்ளம் துடித்தது. அந்த மனிதன் தாமே என்று அறிந்தபோது தாவீது சாக்குப்போக்குச் சொல்லவில்லை, பாவத்தை அறிக்கையிட்டார். திருப்பாடல் 51 அந்த மனவருத்தத்தோடு இணைத்தே திருச்சபையில் செபிக்கப்பட்டு வருகிறது.

தம்மேல் விழுந்த கற்கள்

முதுமையில் சொந்த மகன் அப்சலோமே எதிர்த்து எழுந்தான். தாவீது வெறுங்காலோடு, அழுதுகொண்டே ஒலிவ மலைமேல் ஏறிச் சென்றார். பகூரிம் என்ற ஊரருகே சவுலின் உறவினன் சிமயி, பழித்துக்கொண்டே அவர்மேல் கற்களை எறிந்தான். மலைச்சரிவில் கூடவே நடந்து புழுதியையும் வாரித் தூற்றினான். அவன் தலையை வெட்டிவிடுவதாக அபிசாய் துடித்தார். தாவீது தடுத்துவிட்டார். தம் மகனே உயிரைத் தேடும்போது இந்தப் பென்யமின் குலத்தான் பழிப்பதில் வியப்பில்லை என்றும், ஆண்டவர் ஒருவேளை தம் துன்பத்தைப் பார்த்து நன்மை செய்வார் என்றும் கூறி நடந்தார். கல்லெறிவதில் வல்லவரான அரசர், எறியப்பட்ட கற்களைத் தாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் விவிலியம் எதையும் மறைப்பதில்லை. போர் முடிந்து திரும்பியபோது சிமயியை மன்னித்து உயிரைக் காப்பதாக ஆணையிட்ட தாவீது, மரணப் படுக்கையில் அவனைத் தண்டனையின்றி விட வேண்டாம் என்று சாலமோனிடம் சொல்கிறார். உள்ளத்தில் ஒரு கல் கடைசிவரை கிடந்தது போலும். தாவீதும் மீட்பு தேவைப்பட்ட மனிதரே. தாவீதின் மகன் என்று அழைக்கப்பட்ட நம் ஆண்டவர் இயேசு முன்னால்தான், கையில் கல்லோடு வந்தவர்கள் அந்தப் பெண்ணின்மேல் எறியாமல் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

சிந்தனைக்கு

சோமனூர் வட்டாரத்தில், பாவும் நூலும் வாங்கிக் கூலிக்குத் துணி நெய்து கொடுக்கும் விசைத்தறி குடும்பங்கள் ஏராளம். 2022-லும் 2025-லும் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. தறிச் சத்தம் நின்ற ஊரில் கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் நிற்பதில்லை. அந்த நாள்களில் எதிர்ப்பக்கம் நிற்பவர் கோலியாத்தாகத் தெரிவது இயல்பு. சிறியவர் நியாயம் கேட்பது பாவம் ஆகாது. தாவீதும் அதற்காகவே பள்ளத்தாக்கில் இறங்கினார்.

அதே வேளையில் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் தறிக்கூடத்தில் இரவு ஷிப்டு ஓட்டுபவருக்கு, வெளிமாநிலத்திலிருந்து வந்து இங்கே தங்கி உழைக்கும் இளைஞனுக்கு, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு நாம் யார்? மேலே இருப்பவரிடம் நாம் எதிர்பார்க்கும் நியாயம், நமக்குக் கீழே இருப்பவருக்கு நம்மிடமிருந்து கிடைக்கிறதா? வாரக் கூலியைக் காரணமின்றிப் பிடித்து வைக்கும்போது, ஒருவரின் பெயரைக் கெடுக்கும் செய்தியைக் கைப்பேசியில் பத்துப் பேருக்கு அனுப்பும்போது, நாமும் இருந்த இடத்திலிருந்தே கல் எறிகிறோம். அது யார்மேல் விழுகிறது என்று பார்ப்பதுகூட இல்லை.

திருச்சபை டிசம்பர் 29-ஆம் நாளில் தாவீது அரசரை நினைவுகூர்கிறது. அதற்குச் சில நாள்கள் முன்பு, டிசம்பர் 17-ஆம் நாள் திருப்பலியில் இயேசுவின் மூதாதையர் பட்டியலை வாசிக்கிறோம். அதில் சாலமோனின் தாயைக் குறிப்பிடும்போது மத்தேயு பத்சேபா என்ற பெயரைச் சொல்வதில்லை. உரியாவின் மனைவி என்றே குறிப்பிடுகிறார். அரசர் ஒளிக்க முயன்ற அந்த எளிய வீரரின் பெயரை, மீட்பரின் குடும்ப வரலாற்றில் இறைவன் நிலைக்கச் செய்துவிட்டார். நாம் மறந்துவிட்டவர்களையும் அவர் மறப்பதில்லை.

செபம்: ஆண்டவரே, ஆடு மேய்த்த சிறுவனை நீர் தேர்ந்தெடுத்தீர். அநீதியின் முன் அஞ்சாமல் நிற்கும் துணிவை எங்களுக்குத் தாரும். எங்கள் கைக்குக் கீழே இருப்பவர்களைக் காயப்படுத்தாத உள்ளத்தையும் தாரும். கோபத்தில் நாங்கள் எடுத்த கற்களைக் கீழே போட வரம் அருளும். தாவீதின் மகனாகிய எங்கள் ஆண்டவர் இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.