டேட்டாபேஸை மாற்றினால் நம்ம பெயர் ஏன் காணாமல் போகிறது? எட்கர் காட் வாழ்க்கை தரும் விளக்கம்

பினாங்குத் தமிழர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம்ம பெயர், அப்புறம் ஏ/எல் அல்லது ஏ/பி, அடுத்து அப்பா பெயர். அவ்வளவுதான். ஏதாவது மென்பொருள் 'குடும்பப் பெயர்' என்று தனியாகக் கேட்டால், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவோம்.

ஜார்ஜ்டவுனில் ஒரு நிறுவனம் தன் டேட்டாபேஸை ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயரையும் குடும்பப் பெயரையும் ஒட்டிக் காட்டும் ஒரு பழைய குவெரி இருக்கிறது. குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு ஆரக்கிளில் அது பெயரை மட்டும் காட்டியது. புதிய இடத்தில் அதே குவெரி ஒன்றுமே காட்டாது. எர்ரரும் வராது. ஒற்றைப் பெயர்க்காரர்களின் பெயர் மட்டும் சத்தமில்லாமல் மறைந்துவிடும்.

இரண்டும் பேசுவது எஸ்க்யூஎல் மொழிதான். அப்புறம் ஏன் இப்படி? அதைப் புரிந்துகொள்ள எட்கர் காட் என்பவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இவர்?

காட், 1923-இல் இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் பிறந்தார். ஆக்ஸ்ஃபர்டில் படித்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானியாக இருந்தார். 1948-இல் நியூயார்க் சென்று ஐபிஎம் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். செனட்டர் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டையைச் சகிக்க முடியாமல் 1953-இல் கனடாவுக்குக் கிளம்பிவிட்டார். சில ஆண்டுகளில் அமெரிக்கா திரும்பினார். 40 வயதைத் தாண்டிய பிறகு, 1965-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

அப்படி என்ன செய்தார்?

அந்தக் காலத்தில் தகவல் எங்கே, எந்த வழியில் இருக்கிறது என்று புரோகிராம் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேமிக்கும் முறையை மாற்றினால் புரோகிராமையும் மாற்றி எழுத வேண்டும்.

1970-இல் காட் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைத் தலைகீழாக்கியது. எல்லாத் தகவலையும் அட்டவணைகளாக வைக்கலாம். என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதும். தேடும் வழியை கணினியே பார்த்துக்கொள்ளும். அடியில் எது மாறினாலும் மேலே இருக்கும் புரோகிராம் உடையக்கூடாது என்பதுதான் அவர் கனவு.

குழப்பம் எங்கே தொடங்கியது?

ஐபிஎம் தயங்கியது. ஐஎம்எஸ் என்ற அதன் பழைய டேட்டாபேஸ் நல்ல வருமானம் தந்துகொண்டிருந்தது. பிறகு ஆய்வுக்கூடத்தில் சோதனை தொடங்கியபோதும், காட் முன்மொழிந்த ஆல்ஃபா மொழியை அந்தக் குழு எடுத்துக்கொள்ளவில்லை. டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் வெளியிட்ட சீக்வல் மொழிதான் பின்னாளில் எஸ்க்யூஎல் ஆனது.

ஐபிஎம் சந்தைக்கு வருவதற்குள், 1979-இலேயே ஆரக்கிள் விற்பனைக்கு வந்துவிட்டது. முதல் தரநிலை 1986-இல்தான் வந்தது. அதற்குள் ஆளுக்கொரு வட்டார வழக்கு.

காட் 1981-இல் டூரிங் விருது பெற்றார். 1985-இல், உண்மையான ரிலேஷனல் டேட்டாபேஸ் எப்படி இருக்க வேண்டும் என்று புகழ்பெற்ற 12 விதிகளை வெளியிட்டார். தகவல் இல்லை என்பதைக் குறிக்கும் 'நல்' வேறு, வெற்று எழுத்து வேறு என்பது அவற்றில் ஒன்று. ஆரக்கிள் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. ஒட்டும்போது 'நல்'லைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 'நல்'லோடு எதை ஒட்டினாலும் விடை 'நல்'தான். நம்ம பெயர் மறைவது இதனால்தான்.

ட்ரிகர் கதை இன்னும் சிக்கல்

ஒரு அட்டவணை மாறும்போது தானாக ஓடும் கட்டளைதான் ட்ரிகர். இது 1999 தரநிலையில்தான் இடம்பெற்றது. நிறுவனங்கள் அதற்கு முன்பே தங்கள் பாணியில் செய்துவிட்டன. 100 பேரின் சம்பளத்தை ஒரே கட்டளையில் திருத்தினால் மைஎஸ்கியூஎல் ட்ரிகர் 100 முறை ஓடும். எஸ்க்யூஎல் சர்வரில் ஒரே முறைதான். இதைக் கவனிக்காமல் மாற்றி எழுதினால், ஒருவரின் கணக்கு மட்டும் பதிவாகி 99 பேர் விடுபடலாம்.

காட் 2003-இல், 79 வயதில் காலமானார். சேமிப்பு முறையின் பிடியிலிருந்து அவர் புரோகிராமை விடுவித்தார். நிறுவனங்களின் வழக்குகளோ அதை மறுபடி கட்டிப்போட்டுவிட்டன. அதனால் டேட்டாபேஸ் மாற்றும் வேலையில் இருப்பவர்கள் எர்ரர் வரவில்லை என்று நிம்மதியாகிவிட முடியாது. குடும்பப் பெயர் இல்லாத ஒருவரையும், ஒரே நேரத்தில் 100 வரித் திருத்தத்தையும் வைத்துச் சோதித்து, பழைய விடையும் புதிய விடையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.