துருவை வென்ற ஹாரி பிரியர்லி
சீசா கழுவிய சிறுவன் கண்ட அதிசய உருக்கு

எவர்சில்வர் இல்லாத சமையலறை உண்டா? டம்ளரும் தட்டும் நாள்தோறும் நம் கையில் புழங்குகின்றன. ஆனால் இங்கிலாந்தில் துருப்பிடிக்காத உருக்கு பிறக்கக் காரணமாக இருந்தது சமையலறை அல்ல. துப்பாக்கி!

அந்த உருக்கைக் கண்டவர் ஹாரி பிரியர்லி. கல்லூரி வாசலை மிதிக்காத ஏழை வீட்டுப் பிள்ளை.

ஏழைத் தொழிலாளி மகன்

ஷெபீல்டு நகரில் 1871-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை உருக்காலையில் உலை முன் நின்று உருக்கு உருக்கும் தொழிலாளி. பெரிய குடும்பம், சிறிய வருமானம்.

பன்னிரண்டு வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. தந்தை வேலை பார்த்த பர்த் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்திலேயே பையனுக்கும் வேலை கிடைத்தது. என்ன வேலை? சீசா கழுவுவது!

கழுவிய சீசாக்களில் என்ன ஊற்றுகிறார்கள், ஏன் ஊற்றுகிறார்கள் என்பதையும் அவன் கவனித்தான். இரவில் படித்தான். உருக்கைச் சோதிக்கும் வித்தையைத் துளித் துளியாகக் கற்றான். 1908-ல் பர்த், பிரவுன் என்ற இரு கம்பெனிகளும் கூட்டாக ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தபோது, அதன் தலைமைப் பதவி அந்தப் பழைய சீசாப் பையனைத் தேடி வந்தது.

துப்பாக்கியால் வந்த யோகம்

1912-ல் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையிலிருந்து ஒரு குறை வந்தது. குண்டு வெடிக்கும்போது எழும் அனல் வாயு குழாயின் உட்புறத்தை அரித்துவிடுகிறது; குழாய் சீக்கிரம் கெட்டுவிடுகிறது. இதற்கு வழி உண்டா?

குரோமியம் சேர்த்தால் உருக்கு அனலைத் தாங்கும் என்று பிரியர்லி எண்ணினார். பல கலவைகளைச் செய்து பார்த்தார். 1913-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி வார்த்த உருக்கில் குரோமியம் 12.8 சதவிகிதம், கரி 0.24 சதவிகிதம்.

அதன் உள்ளமைப்பைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டுமானால், முதலில் திராவகம் தடவி மேற்பரப்பை அரிக்க வேண்டும். தடவினார். அரிக்கவில்லை! காடியும் எலுமிச்சைச் சாறும் அதனிடம் தோற்றன.

வேறொருவராக இருந்தால், சோதனை கெட்டது என்று துண்டைத் தூக்கி எறிந்திருப்பார். பிரியர்லி பிறந்ததோ கத்திக்குப் பெயர் போன ஊரில். பழம் நறுக்கினால் கத்தி கறுக்கும். துடைக்காமல் வைத்தால் துருப்பிடிக்கும். அந்தத் தொல்லைக்கு மருந்து கிடைத்துவிட்டதென்று அவர் மனம் துள்ளியது.

கிடைத்தது கேலி

ஆனால் முதலாளிகள் அக்கறை காட்டவில்லை. முதலில் செய்த கத்திகளுக்குச் சரியாகக் கூர் ஏறவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊரார் நகைத்தார்கள். 1914-ல் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழில் நிபுணர், காய்ச்சும் சூட்டை மாற்றிப் பார்த்து நல்ல கத்தியை உருவாக்கினார். கறைபடாதது என்று பொருள்படும் ஸ்டெயின்லெஸ் என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே.

அதற்குள் இன்னொரு தகராறு முளைத்தது. கண்டுபிடிப்பு கம்பெனிக்குச் சொந்தமா, கண்டவருக்குச் சொந்தமா? பிரியர்லி விட்டுக்கொடுக்கவில்லை. சிறு வயது முதல் சோறு போட்ட கம்பெனியை விட்டு வெளியேறி, பிரவுன் பேய்லி என்ற வேறோர் உருக்காலையில் சேர்ந்தார். அமெரிக்காவில் 1916-ல் அவர் பெயரிலேயே காப்புரிமை கிடைத்தது. 1920-ல் பெஸ்ஸமர் தங்கப் பதக்கமும் வந்தது.

இதே காலத்தில் பிற நாட்டாரும் இந்தத் துறையில் உழைத்தார்கள். நிக்கலும் சேர்ந்த வகையை ஜெர்மனியின் கிருப் ஆலையார் 1912-லேயே கண்டிருந்தார்கள். நம் வீட்டுப் பாத்திரங்களில் பலவும் அந்த வகையைச் சேர்ந்தவை.

மீண்டும் துப்பாக்கிக்கே!

துப்பாக்கிக்காகத் தேடிய உருக்கு கத்தியாயிற்று. பிற்காலத்தில் கைத்துப்பாக்கியே அதனால் ஆயிற்று. 1965-ல் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி முழுதும் துருப்பிடிக்காத உருக்கில் ரிவால்வர் செய்து விற்றது.

சாதாரணத் துப்பாக்கிக்கு மருந்தில் காய்ச்சி நீலம் ஏற்றுவார்கள். அந்தப் பூச்சு தேய்ந்தால் மறுபடி ஏற்ற வேண்டும். இதற்கோ பூச்சே இல்லை. உருக்கிலுள்ள குரோமியம் காற்றோடு கலந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏட்டைத் தானே போர்த்திக்கொள்கிறது. கீறினால் புது ஏடு படர்கிறது.

ஆகவே மங்கிய துப்பாக்கிக்கு மெருகு திரும்பத் தேய்ப்பே போதும். குண்டுகளை அகற்றிப் பாகங்களைப் பிரித்தபின், கோடு ஓடிய திசையிலேயே நயமான உப்புத்தாளால் தேய்த்தால் கீறல் மறையும். கண்ணாடி போல் பளபளக்க வேண்டுமானால் மெருகுப் பசையும் துணிச் சக்கரமும் தேவை. சாதாரண இரும்பு நாரால் தேய்ப்பது பிசகு. அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். அளவு மீறித் தேய்த்தால் பொறித்த எண்ணும் எழுத்தும் அழியும். வியர்வையின் உப்பைத் துடைக்காமல் விட்டால் இந்த உருக்கிலும் புள்ளி விழும்.

1941-ல் பிரியர்லி தம் செல்வத்தைக் கொண்டு ஓர் அறநிலையம் நிறுவினார். 1948-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி காலமானார். அவர் உருக்கில் செய்த ரிவால்வர் விற்பனைக்கு வந்தது அதற்குப் பதினேழு ஆண்டுகள் கழித்துத்தான்.

அவர் தேடியது அனலுக்கு மருந்து. கிடைத்ததோ துருவுக்கு மருந்து. தேடியது கிடைக்கவில்லையே என்று கிடைத்ததை எறியாத புத்தியே அந்தச் சீசாப் பையனை உயர்த்தியது. மேலே பூசிய மெருகு தேய்ந்து போகும்; உள்ளே கலந்திருப்பது எத்தனை கீறல் பட்டாலும் மீண்டும் ஒளிரும். அவர் கண்ட உருக்குக்கும் அவர் வாழ்வுக்கும் இது பொருந்தும்.