அரங்கிற்கு வெளியே நின்ற ஆசான்

தென்லண்டனின் ஹேர்ன் ஹில் பகுதியில், பர்பேஜ் வீதி 84ஆம் இலக்க வீட்டுச் சுவரில் 2012ஆம் ஆண்டு நீல நிற நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. அதிற் காணப்படும் பெயர் சாம் முசாபினி. ஆங்கிலேயர் காதுக்குப் பழக்கமான பெயரன்று அது. இந்நகரின் அலுவலகங்களில் தமது பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக் களைத்துப்போகும் எம்மவர்கள் இவரது வாழ்வை அறிந்திருத்தல் நன்று.

சிப்பியோ ஆபிரிக்கானுஸ் முசாபினி 1867 ஆகஸ்ட் 6ஆம் நாள் லண்டன் பிளாக்ஹீத்தில் பிறந்தார். சிரிய, துருக்கிய, இத்தாலிய, பிரெஞ்சு மரபுகள் கலந்த குடும்பம். பில்லியர்ட்ஸ் ஆட்டம் பற்றி எழுதும் பத்திரிகையாளராக விளங்கிய அவர், சைக்கிளோட்ட வீரர்களைப் பயிற்றுவித்துப் பின்னர் ஓட்டப் போட்டிகளின்பால் திரும்பினார். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற தென்னாபிரிக்கர் ரெஜி வாக்கர் 100 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1913 முதல் பொலிடெக்னிக் ஹரியர்ஸ் கழகத்தின் பயிற்றுநராகப் பணியாற்றினார். 1920 அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில் அவரது மாணவர் அல்பேர்ட் ஹில் 800, 1500 மீற்றர் ஓட்டங்கள் இரண்டிலும் தங்கம் பெற்றார்.

ஆயினும், ஊதியம் பெற்றுப் பயிற்றுவிப்பவரை அன்றைய மேட்டுக்குடி விளையாட்டுலகம் தாழ்வாகவே நோக்கியது. பயிற்சியின்றி இயல்பாகவே வெல்வதுதான் கனவானுக்கு அழகு என்ற எண்ணம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியிருந்தது. முசாபினியோ ஓட்டத்தை ஓர் அறிவியலாகக் கருதினார். கால் எட்டின் நீளம், கை வீச்சு, புறப்படும் நிலை என ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்து திருத்தினார்.

கேம்பிரிட்ஜில் கல்வி கற்ற ஹரோல்ட் ஆபிரகாம்ஸ் இந்தக் கழகப் பயிற்றுநரைத் தேடி வந்தார். லித்துவேனியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதர் ஒருவரின் மகன் அவர். முசாபினி அவரது கால் எட்டைக் குறுக்கினார், மாதக்கணக்கில் உழைத்தார். 1924 யூலை 7ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆபிரகாம்ஸ் 100 மீற்றரை 10.6 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார்.

அவ்வேளை ஆசான் அரங்கினுள் இருக்கவில்லை. தொழில்முறைப் பயிற்றுநர் என்பதால் அவர் விலக்கியே வைக்கப்பட்டிருந்தார். அருகிலிருந்த விடுதி அறையில் இருந்தபடி, பிரித்தானிய தேசிய கீதம் ஒலித்தபோதுதான் தம் மாணவன் வென்றதை உணர்ந்தார். மகிழ்ச்சியில் தமது வைக்கோல் தொப்பியைக் கையால் குத்திக் கிழித்தார் என்பர்.

1927 மார்ச் 12ஆம் நாள் அவர் மறைந்தார். 1981இல் வெளிவந்த ‘சாரியட்ஸ் ஒஃப் ஃபயர்’ திரைப்படமே அவரை உலகறியச் செய்தது. 1998இல் சிறந்த பயிற்றுநர்களுக்கான பதக்கம் ஒன்று அவர் பெயரால் நிறுவப்பட்டது.

கொண்டுவந்த தகைமைக்கு இங்கு மதிப்பில்லையென மனமுடைந்தோர் எம்மிடையே பலர். திறமை என்றேனும் வெளிப்படும் என்று அவர்களுக்கு ஆறுதல் கூறுவது எளிது. ஆனால் இறந்து எழுபது ஆண்டுகளின் பின் வந்த பதக்கம் முசாபினியின் கையை எட்டவில்லை. மதிப்பு என்பது உயிரோடிருக்கும்போதே அளிக்கப்பட வேண்டியது. வார இறுதிகளில் எமது பிள்ளைகளுக்குத் தமிழும் விளையாட்டும் கற்பிக்க, வேலைக் களைப்போடு வந்து நிற்கும் ஆசிரியர்களை நாம் எங்கே நிறுத்தி வைத்திருக்கிறோம்? அரங்கினுள்ளா, வெளியிலா? இக்கேள்விக்கு விடை கூற வேண்டியவர்கள் ஆங்கிலேயர் அல்லர், நாமே.