மகாபாரத ஏடுகளுக்கு வாழ்வை அர்ப்பணித்தவர்

மகாபாரதத்தை ஐந்தாம் வேதம் என்று போற்றுகிறோம். பகவத்கீதை, விஷ்ணு சஹஸ்ரநாமம், விதுர நீதி ஆகிய மூன்று பொக்கிஷங்களும் அதனுள்தான் இருக்கின்றன. இன்று அந்த மாபெரும் நூலை அச்சில் எளிதாகப் புரட்டுகிறோம். ஆனால் அச்சு இயந்திரம் வருமுன் பல நூற்றாண்டுகள் அதைக் காத்தவர்கள் யார்? பெயர் தெரியாத ஏடெழுதிகள்! காஷ்மீரத்தில் பூர்ஜமரப் பட்டையில் மையால் எழுதினார்கள். தென்னாட்டில் பனையோலையில் எழுத்தாணியால் கீறினார்கள். ஓலை சிதையத் தொடங்கியதும் அடுத்த தலைமுறை அதைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதியது. இவ்வாறு கைமாறிக் கைமாறி வந்த ஏடுகளுக்குத் தமது வாழ்நாளின் கடைசிப் பதினேழு ஆண்டுகளை அர்ப்பணித்த ஒருவரின் வரலாறு இது. அவர் விஷ்ணு சீதாராம் சுக்தங்கர்.

கணிதத்திலிருந்து ஏடுகளுக்கு

சுக்தங்கர் 1887 மே 4-ஆம் நாள் பிறந்தார். மும்பையில் கல்வி கற்றபின் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட பாடம் சம்ஸ்கிருதம் அல்ல, கணிதம்! எதையும் சான்றின்றி ஏற்காத கணிதப் பயிற்சி பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாக இருந்தது.

பின்னர் அவரது மனம் பாரதத்தின் பழைய நூல்களை நாடியது. பெர்லின் சென்று, ஏட்டாராய்ச்சியில் புகழ்பெற்ற ஹைன்ரிக் லூடர்ஸ் என்ற பேரறிஞரிடம் மாணவரானார். சாகடாயனரின் இலக்கணத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பித் தொல்லியல் துறையில் பணியாற்றினார். கல்வெட்டுகளைப் படித்தார். பாஸனுடையவை எனப்படும் நாடகங்களை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். ஆனால் அவருடைய உண்மையான பணி புனாவில் காத்திருந்தது.

ஒரு மாபெரும் சங்கல்பம்

அறிஞர் ராமகிருஷ்ண கோபால் பண்டார்கரின் பெயரால் 1917-இல் புனாவில் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் தோன்றியது. மகாபாரதத்திற்கு நம்பத்தகுந்த ஒரு செம்பதிப்பைக் கொண்டுவருவது என்று அந்நிறுவனம் சங்கல்பம் செய்துகொண்டது. ஔந்த் சமஸ்தானத்தின் மன்னர் பாலாசாகேப் பந்த் பிரதிநிதி அதற்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். 1919-இல் பணி தொடங்கியது.

ஏற்கனவே கல்கத்தாவிலும் மும்பையிலும் மகாபாரதம் அச்சாகியிருந்ததே, இன்னொரு பதிப்பு எதற்கு? காரணம் இருந்தது. மக்கள் பெரும்பாலும் படித்துவந்தது 17-ஆம் நூற்றாண்டில் நீலகண்டர் உரை எழுதிய பாடம். காஷ்மீர ஏடு அதிலிருந்து வேறுபட்டது. வங்க ஏடு வேறொரு விதமாக இருந்தது. தென்னாட்டு ஏடுகளோ பல இடங்களில் மிக விரிந்து காணப்பட்டன. எழுதுபவரின் கண் ஒரு வரியைத் தாண்டியிருக்கலாம். ஓரத்தில் யாரோ எழுதிவைத்த குறிப்பு அடுத்த பிரதியில் மூலத்தோடு கலந்திருக்கலாம். கதை சொல்பவர்கள் தங்கள் ஊரில் வழங்கிய கதையைப் பக்தியுடன் சேர்த்திருக்கலாம். இவற்றில் பழமையானது எது என்பதை எவ்வாறு அறிவது?

இந்தக் கேள்வியுடன் பணி தடுமாறிக்கொண்டிருந்த வேளையில், 1925-இல் சுக்தங்கர் பொதுப் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 38.

ஓர் எழுத்தும் தப்பாமல்

முதல் பர்வமான ஆதிபர்வத்திற்கு மட்டும் 235 ஏடுகள் இருப்பது தெரியவந்தது. தேவநாகரியில் 107, வங்க லிபியில் 32, தமிழகத்தில் வழங்கிய கிரந்த லிபியில் 31, தெலுங்கில் 28, மலையாளத்தில் 26 என்று அவை பரவியிருந்தன. காஷ்மீரத்தின் சாரதா லிபியில் கிடைத்தவை மூன்றே மூன்று! இவற்றிலிருந்து ஏறக்குறைய 60 ஏடுகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, முழுமையாகவோ பகுதியாகவோ ஒப்புநோக்கப்பட்டன. புனாவில் மட்டுமல்ல, சாந்திநிகேதனிலும் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்திலும் இப்பணி நடைபெற்றது.

ஒப்புநோக்கும் முறையை அறிந்தால் வியப்பு ஏற்படும். கட்டம் கட்டமாகக் கோடிட்ட பெரிய தாளின் மேல்வரியில் ஒரு சுலோகத்தைப் பெரிய எழுத்துகளில் எழுதுவார்கள். கீழே ஒவ்வொரு ஏட்டிற்கும் ஒரு வரி. அந்த ஏட்டில் எந்த எழுத்து மாறுபடுகிறதோ, அதை மேலே உள்ள எழுத்திற்கு நேர்கீழே குறிக்க வேண்டும். வலப்புறத்தில் திருத்தங்களுக்கும் அதிகப்படியான சுலோகங்களுக்கும் தனி இடம். நீண்ட பகுதிகளைத் தனித்தாளில் எழுதி இணைப்பார்கள். ஒருவர் ஒப்பிட்டதை வேறொருவர் மறுபடியும் சரிபார்ப்பார். ஒரு சுலோகத்திற்கு ஒரு தாள் என்றால், பல்லாயிரம் சுலோகங்களுக்கு எத்தனை தாள்கள்! சாஸ்திரிகளும் பட்டதாரிகளும் நாள்தோறும் அமர்ந்து இதைச் செய்தார்கள். அவர்கள் நிரப்பிய தாள்களை எடைபோட்டு, மூலபாடத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பு சுக்தங்கருடையது.

பக்தியும் உண்மையும்

அப்பொறுப்பு எளிதானதல்ல. வியாசர் சொல்ல விநாயகப் பெருமான் எழுதினார் என்ற கதையை அறியாதவர் நம்மில் யார்? ஆனால் ஒன்றையொன்று சாராத பல ஏட்டு மரபுகளில் அக்கதை காணப்படவில்லை. சுக்தங்கர் என்ன செய்வார்? சேர்த்தால் உண்மைக்குப் பிழை செய்தவராவார். நீக்கினால் பக்தர்களின் மனம் புண்படும்.

அவர் அக்கதையை மூலபாடத்தில் வைக்கவில்லை. ஆனால் தூக்கி எறியவும் இல்லை. பிற்சேர்க்கையில் முழுமையாக அச்சிட்டார். இதையே தமது நெறியாகக் கொண்டார். மூலத்தில் இடம்பெறாத வரிகள் அடிக்குறிப்பிலும், நீண்ட பகுதிகள் பிற்சேர்க்கையிலும் இடம்பெற்றன. எங்கோ ஒரு கிராமத்தில் ஓர் ஏடெழுதி பக்தியுடன் சேர்த்த சுலோகமும் இவ்வாறு காப்பாற்றப்பட்டது. தம்முடைய முடிவு உறுதியற்றதாகத் தோன்றிய இடங்களில், அச்சொல்லின் கீழ் ஒரு நெளிகோட்டை அச்சிடச் செய்தார். தமக்கு ஐயம் இருப்பதை மறைக்காமல் வாசகருக்குக் காட்டிய நேர்மை அது!

எதிர்ப்பும் வந்தது. பிரெஞ்சுப் பேரறிஞர் சில்வைன் லெவி, முதல் பகுதிகளைப் பாராட்டினாலும், நீலகண்டரின் பாடத்தையே அச்சிட்டுப் பாடபேதங்களைக் கீழே தந்தால் போதும் என்று யோசனை கூறினார். உழைப்பும் குறையும், பழியும் வராது. ஆனால் சுக்தங்கர் எளிய வழியை ஏற்கவில்லை. 1933-இல் ஆதிபர்வம் நிறைவெய்தியபோது எழுதிய நீண்ட முன்னுரையில் தமது முறையைப் பணிவுடனும் உறுதியுடனும் விளக்கினார்.

சில ஆண்டுகளுக்குப் பின், நேபாள ராஜகுரு ஹேமராஜரிடமிருந்து ஆதிபர்வத்தின் மிகப் பழைய ஏடொன்று கிடைத்தது. பதிப்பு வெளியாகும்போது அவர் அதைக் கண்டதில்லை. ஒப்பிட்டபோது, அவர் சான்றுகளைக் கொண்டு விலக்கிய பல பகுதிகள் அந்த ஏட்டிலும் இல்லை! பொறுமையாக உழைத்தவருக்கு அந்தப் பழைய ஏடே சாட்சி சொன்னது.

இறுதி நாட்கள்

இதற்குள் வேறு அறிஞர்கள் விராட பர்வத்தையும் உத்யோக பர்வத்தையும் பதிப்பித்திருந்தார்கள். சுக்தங்கர் தாமே பதிப்பித்த ஆரண்யக பர்வம் 1942-இல் வெளிவந்தது. ஆண்டுக்கணக்கில் எழுத்தெழுத்தாக நூலைப் பார்த்தவர், இப்போது அதன் பொருளைப் பற்றிப் பேச முன்வந்தார். மும்பைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் நான்கு சொற்பொழிவுகள் ஏற்பாடாயின. மகாபாரதத்தை மூன்று தளங்களில் காணலாம் என்று அவர் விளக்கினார். முதலாவது, உறவினரிடையே நிகழ்ந்த போரின் கதை. இரண்டாவது, தர்மத்திற்கும் அதர்மத்திற்கும் இடையே நடக்கும் போராட்டம். மூன்றாவது, மனிதனுக்குள்ளேயே உயர்ந்த ஆன்மாவும் தாழ்ந்த அகங்காரமும் மோதும் களம்.

மூன்று சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. நான்காவதை நிகழ்த்துமுன், 1943 ஜனவரி 21-ஆம் நாள் அவர் மறைந்தார். வயது 55. மகாபாரதப் பதிப்போ பாதியைக்கூட எட்டியிருக்கவில்லை. ஆயினும் பணி நிற்கவில்லை. பெல்வல்கரும் பின்னர் வைத்யாவும் பொறுப்பேற்று, அவர் வகுத்த பாதையிலேயே நடந்தார்கள். 1966-இல் 19 தொகுதிகளாகச் செம்பதிப்பு நிறைவுற்றது. அதற்கெனப் பரிசீலிக்கப்பட்ட ஏடுகள் 1259. அவருடைய சொற்பொழிவுகளும் வீணாகவில்லை. பிறருடைய ஏடுகளைக் காத்தவரின் கையெழுத்துப் பிரதி காப்பாற்றப்பட்டு, 1957-இல் நூலாயிற்று.

விநாயகர் கதையில் வியாசர் ஒரு நிபந்தனை விதிக்கிறார்: பொருளை உணராமல் ஓர் எழுத்தையும் எழுதக் கூடாது. அக்கதையைப் பிற்சேர்க்கைக்கு மாற்றிய சுக்தங்கர், அந்த நிபந்தனையைத் தம் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தார். பலனைக் காணும் பேறு அவருக்குக் கிடைக்கவில்லை. தாம் எழுதிய ஓலையைப் பின்னர் யார் படிப்பார்கள் என்று அறியாமலேயே எழுதி முடித்த ஏடெழுதிகளுக்கும் அது கிடைத்ததில்லை. ஆனாலும் அவர்கள் தங்கள் பணியில் குறைவைக்கவில்லை. நாம் கீதையைக் கையில் எடுக்கும்போது அவர்களையும் ஒருகணம் நினைத்து வணங்குவோம்.