பிராட்லா பெற்றுத் தந்த உரிமை

தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ வென்று கோட்டைக்குச் செல்லும் சட்டமன்ற உறுப்பினர் கடவுள் பெயரால் ஆணையிடலாம். வேண்டாமெனில் உளமார உறுதி கூறலாம். இது எளிதில் கிடைத்ததென்று நாம் எண்ணிவிடலாகாது.

1833-இல் லண்டனில் பிறந்தவர் சார்லஸ் பிராட்லா, வக்கீல் குமாஸ்தாவின் மகன், நாத்திகர். 1880-இல் நார்தாம்ப்டன் மக்கள் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினர். கடவுளைச் சொல்லாது உறுதி கூற அனுமதி கேட்டார்; மறுத்தனர். வழக்கமான சத்தியப்பிரமாணத்துக்கே இசைந்தார். நாத்திகனுக்கு அதுவும் கூடாதாம்! இரு கதவையும் அடைத்துவிட்டால் மனிதன் எவ்வழியே நுழைவான்? மணிக்கூண்டில் அடைத்தனர், மறு ஆண்டு போலீசாரை விட்டு வெளியே தள்ளினர். செருப்புத் தொழிலாளர் நிறைந்த நார்தாம்ப்டனோ சளைக்காமல் அவரையே மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தது. அந்நாளில் நம் சென்னை இலௌகிக சங்கத்தாரும் ‘தத்துவவிவேசினி’ ஏட்டில் அவர் கருத்துகளைத் தமிழில் பரப்பினர்.

1886-இல்தான் ஆசனம் கிடைத்தது. 1888-இல் அவர் முயற்சியால் வந்த சட்டம் நம்பாதோர்க்கும் உறுதிமொழி உரிமையை அளித்தது. மறு ஆண்டு பம்பாய் காங்கிரசுக்கும் வந்தார்.

1891 ஜனவரி 27-இல், அவரைத் தடுத்த பழைய தீர்மானத்தைக் காமன்ஸ் சபை தன் பதிவேட்டிலிருந்து நீக்கியது. மரணப் படுக்கையில் நினைவிழந்து கிடந்தவருக்கு அச்செய்தி எட்டவில்லை. 30-ஆம் நாள் மறைந்தார்.