வில்லை விட்ட அம்பு ஏன் பறக்கிறது? இப்னு சீனா கேட்ட கேள்வி

இப்னு சீனா யார் என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால், பெரிய ஹகீம், அல்கானூன் என்ற மருத்துவ நூலை எழுதியவர் என்று சொல்வார்கள். பெரியவர்களாகிய நமக்கும் அதற்கு மேல் அதிகம் தெரியாது. ஆனால் விசை, இயக்கம், ஆற்றல் என்று பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் அவரிடம் ஒரு பாடம் இருக்கிறது.

அவர் 980இல் (ஹிஜ்ரி 370) இன்றைய உஸ்பெகிஸ்தானில், புகாராவுக்கு அருகிலுள்ள அஃப்ஷனா என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஸாமானிய அரசின் அதிகாரி. பத்து வயதுக்குள் குர்ஆனை மனனம் செய்தார். இந்தியக் கணக்கு முறையைக் கற்றது ஒரு காய்கறி வியாபாரியிடம்! பிறவி மேதை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருளியல் நூலை நாற்பது முறை படித்தும் அவருக்கு விளங்கவில்லை. பிறகு கடைத்தெருவில் மூன்று திர்ஹமுக்கு வாங்கிய அல்ஃபாராபியின் சிறு நூல் ஒன்றுதான் அதைத் திறந்து கொடுத்தது. அந்த மகிழ்ச்சியில் மறுநாள் ஏழைகளுக்கு ஸதகா கொடுத்தார்.

புகாராவின் ஆட்சியாளர் நூஹ் இப்னு மன்ஸூருக்கு வைத்தியம் பார்த்ததால் அரண்மனை நூலகம் அவருக்குத் திறந்தது. பின்னர் தந்தை இறந்தார், ஆட்சியும் சரிந்தது. ஊர் ஊராக அலைந்து ஹமதான் சேர்ந்து, அங்கே ஷம்ஸுத் தவ்லாவின் வஸீர் ஆனார். பகலெல்லாம் அரசாங்க வேலை. இரவில் மாணவர்களுக்குப் பாடம். அஷ்ஷிஃபா என்ற மாபெரும் நூலை எழுதத் தொடங்கியது இங்குதான். பெயரைப் பார்த்து மருத்துவ நூல் என்று எண்ண வேண்டாம். அது தர்க்கம், கணிதம், இயற்பியல், மெய்ப்பொருளியல் எல்லாம் அடங்கிய நூல். அதில் அவர் முதலில் கையில் எடுத்தது இயற்பியலைத்தான்.

அந்தப் பகுதியில்தான் அம்பைப் பற்றிய பேச்சு வருகிறது. நாண் தள்ளும்வரை அம்பு நகர்வது புரிகிறது. நாணை விட்டுப் பிரிந்த பிறகு அதைத் தள்ளுவது யார்? அசையும் பொருளைத் தொட்டுக்கொண்டு ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் கொள்கை. ஆகவே காற்றுதான் அம்பை ஏந்திச் செல்கிறது என்றார் அவர். இப்னு சீனா இதை ஏற்கவில்லை. எறிபவர் பொருளுக்கே ஒன்றைக் கொடுத்துவிடுகிறார், அது பொருளினுள் தங்கி அதைக் கொண்டு செல்கிறது என்றார். அதற்கு மய்ல், அதாவது சாய்வு என்று பெயர். காற்று உதவுவதில்லை, எதிர்த்து நின்று அந்த மய்லைக் குறைக்கிறது. ஒரே வேகத்தில் எறிந்தாலும் கல் தூரமாகப் போகும், வைக்கோல் துரும்பு அருகிலேயே விழும். கனமான பொருள் மய்லை நன்றாகத் தாங்கிக்கொள்கிறது என்பது அவர் விளக்கம்.

அடுத்து அவர் வைத்த வாதம் இன்னும் வியப்பானது. எதிர்ப்பே இல்லாத வெற்றிடம் இருந்தால், அதில் எறிந்த பொருள் நிற்கவே நிற்காது. நிற்காத அத்தகைய இயக்கம் எங்குமே காணப்படவில்லை. எனவே வெற்றிடம் என்பதே இல்லை என்று முடித்தார். பாதை சரி, முடிவு தவறு! 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலம், தள்ளும் இயந்திரம் எதுவும் இல்லாமலே, இன்றும் விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

நியூட்டனின் முதல் விதியை இப்னு சீனா அன்றே சொல்லிவிட்டார் என்று நம் மேடைகளில் சிலர் பேசுவதுண்டு. அது மிகை. அவருக்கு முன்பே, ஆறாம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியாவின் கிறிஸ்தவ அறிஞர் ஃபிலோபோனஸ் அரிஸ்டாட்டிலை இதே இடத்தில் மறுத்திருந்தார். பின்னர் பக்தாதின் அபுல் பரகாத்தும், பாரிஸின் புரிடானும் இதையே வேறு வேறு விதமாகப் பேசினார்கள். நியூட்டனின் நூல் 1687இல்தான் வந்தது. இப்னு சீனாவுக்கு, பொருள் நகர்ந்துகொண்டிருக்க உள்ளே ஒரு காரணம் தேவைப்பட்டது. நியூட்டனுக்கோ, சீரான வேகத்தில் நேராகச் செல்ல எந்தக் காரணமும் தேவையில்லை. வேகமோ திசையோ மாறத்தான் விசை வேண்டும்.

இந்த வேறுபாட்டில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். மேலே எறிந்த பந்தின் படத்தில், கையின் விசை என்று மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டு மதிப்பெண்ணை இழக்கிறார்கள். கையை விட்ட கணமே கையின் விசை முடிந்துவிட்டது. பறக்கும் பந்தின் மீது புவியீர்ப்பும் காற்றின் எதிர்ப்பும் மட்டுமே. பந்திடம் இருப்பது உந்தமும் இயக்க ஆற்றலும். 160 கிராம் கிரிக்கெட் பந்து விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் உந்தம் 3.2 கிலோகிராம் மீட்டர்/விநாடி, இயக்க ஆற்றல் 32 ஜூல். வேகம் 40 ஆனால் உந்தம் இரு மடங்காகி 6.4, ஆற்றலோ நான்கு மடங்காகி 128 ஜூல். மய்லை இன்றைய சொல்லில் சொல்வதென்றால், அது விசையைவிட உந்தத்துக்கே நெருக்கம்.

ஷம்ஸுத் தவ்லா இறந்தபின் இப்னு சீனா ஒரு மருந்து வியாபாரியின் வீட்டில் ஒளிந்திருந்தார். பார்த்து எழுத நூல் எதுவும் இல்லாமல், நாளொன்றுக்கு ஐம்பது தாள்கள் எழுதி அஷ்ஷிஃபாவின் பெரும்பகுதியை முடித்தது அப்போதுதான். பிறகு நான்கு மாதம் ஃபர்தஜான் கோட்டையில் சிறை. விடுதலையான பின் சூஃபி உடையில் தப்பி இஸ்ஃபஹான் போய்ச் சேர்ந்தார். அங்கே அலாவுத் தவ்லா அவரை மதிப்போடு வரவேற்றார்.

கடைசியில் கடும் வயிற்று நோய் பிடித்தது. தமக்குத் தாமே வைத்தியம் பார்த்தார், குணமாகவில்லை. இனி மருந்து பயனில்லை என்று தெரிந்ததும் அதை நிறுத்திவிட்டார். தம்மிடம் இருந்ததைத் தர்மம் செய்து, அடிமைகளை விடுதலை செய்து, குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1037ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 428 ரமளானில் வஃபாத்தானார். ஹமதானிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.