உடன் நடந்த சான்றோர்

பசித்தவர்க்குச் சோறிடுதல் அறம். தளர்ந்தவர்க்கு ஊக்கம் அளித்தலோ பேரறம். உண்ட சோறு ஒருபொழுதில் செரித்துவிடும். உள்ளத்தில் ஊன்றிய துணிவு வாழ்நாள் முழுதும் நின்று பயன் தரும். இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்கியவர் மதுரை அ. வைத்தியநாத ஐயர் ஆவார்.

ஐயர் 1890ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்து விஷ்ணம்பேட்டையில் பிறந்தார். மதுரையில் கல்வி பயின்று, அந்நகரிலேயே பெயர் பெற்ற வழக்கறிஞராகத் திகழ்ந்தார். காந்தியடிகளின் நெறியைப் பின்பற்றி, 1930ஆம் ஆண்டு உப்பு அறப்போரில் ஈடுபட்டு அடியும் சிறையும் ஏற்றார்.

அந்நாளில் தாழ்த்தப்பட்ட மக்கள் மீனாட்சியம்மன் திருக்கோயிலுள் புகலாகாது என்னும் கொடிய வழக்கம் நிலவிற்று. நெடுந்தொலைவிலுள்ள வயல்களில் உழைத்த அம்மக்கள் கோபுரத்தைக் காணலாம். கோயில் வாயிலைக் கடத்தல் இயலாது. 1934ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த காந்தியடிகள், அவர்களுக்கு இடமில்லாத கோயிலுள் தாமும் செல்லாது திரும்பினார்.

மேலூரை அடுத்த தும்பைப்பட்டியிற் பிறந்த கக்கன் அவ்வாறு விலக்கப்பட்ட மக்களுள் ஒருவர். ஐயர் அவரைத் தம் புதல்வர்போற் கருதித் தம் இல்லத்தில் உடன் அமர்த்தி உணவருந்தச் செய்தார். அங்கே இலையில் இட்ட சோற்றினும் அருகில் இட்ட இடமே பெரிது. இகழ்ச்சியால் வாடிய உள்ளம், தன்னை மதிப்பார் ஒருவரைக் காணும்போது நிமிர்ந்து நிற்கும் அன்றோ?

கோயில் நுழைவுக்காக ஐயர் மக்களிடையே அரும்பாடுபட்டு ஆதரவு திரட்டினார். 1939ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8ஆம் நாள், கக்கன், சுவாமி முருகானந்தம் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவரும் நாடார் வகுப்பினர் ஒருவரும் திருக்கோயிலுள் சென்றனர். அவர்களைச் செல்லுமாறு ஏவிவிட்டு ஐயர் வீட்டில் இருந்தாரல்லர். தாமே உடன் சென்றார். வரும் பழியில் தமக்கும் பங்குண்டு என்பதை அவருடைய காலடிகளே உணர்த்தின. வழிவழி வந்த தடையை மீறிச் சென்ற அவ்வறுவரின் நெஞ்சுரமும் போற்றத்தக்கதே.

எதிர்ப்பு வலுத்தது. அர்ச்சகர் சிலர் பூசைக்கு வர மறுத்தனர். வசையும் வழக்கும் எழுந்தன. ஐயர் கலங்கினாரல்லர். அவ்வாண்டிலேயே இராசாசியின் அரசு கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. 1946ஆம் ஆண்டு காந்தியடிகள் மீண்டும் மதுரைக்கு வந்து, அக்கோயிலுள் சென்று வழிபட்டார். கக்கன் பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் சென்னை மாநில அமைச்சராகவும் உயர்ந்து, எளிமைக்கு இலக்கணமாய் வாழ்ந்தார்.

1955ஆம் ஆண்டு ஐயர் மறைந்தபோது, கக்கனும் புதல்வர்களோடு ஒருவராய் இறுதிக் கடனில் பங்குகொண்டார்.

மாணவர்களே! பொருளுடையார் மட்டுமே பிறர்க்கு உதவ இயலும் என்று எண்ணற்க. தனித்து நிற்கும் தோழனுக்கு அருகே சென்று அமர்தலும், அஞ்சுவானோடு சில அடிகள் உடன் நடத்தலும் எவர்க்கும் இயல்வனவே. வைத்தியநாத ஐயரின் வாழ்க்கை கற்பிக்கும் பாடம் இதுவே.